நான்காவது ஹீட்டர்

காக்ஸ் டவுனில் ஒரே வீட்டில், ஒரே டிஷ்வாஷரில், பதினொரு மாதத்தில் மூன்று ஹீட்டர்கள் எரிந்துபோயின. அதே மாடல் என் ஏரியாவில் நாற்பது வீடுகளிலாவது ஓடுகிறது. அங்கெல்லாம் ஒரு ஹீட்டர் ஐந்தாறு வருடம் தாங்குகிறது. இங்கே மட்டும் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடமாகக் கம்பெனி சர்வீஸில் இந்த மெஷின்களை ரிப்பேர் செய்கிறவன் நான்.

வீடு ஜகதாம்பாள் மேடத்துடையது. விதான சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தனியாக இருக்கிறார். மூட்டுவாதத்தில் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கரண்டி பிடிப்பார், குக்கர் மூடியைத் திருகுவார், ஆனால் ஒரு பாத்திரத்தை அழுத்தித் தேய்க்க முடியாது. வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. அதனால் மகன் ப்ரஹ்லாத் இந்த டிஷ்வாஷரை வாங்கி வைத்தார்.

மூன்றாவது ஹீட்டர் போன அன்று அவர் அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை மெஷின் நின்றால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஹெப்பகோடியில் இருக்கும் தன் ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும். அங்கே சமையலுக்கு ஆள் இருக்கிறது.

"அங்க போனா நான் அடுப்பத் தொடவே வேண்டாமாம், எத்திராஜ்," என்றார் மேடம் என்னிடம். "அத ஒரு சௌகர்யம்னு நெனச்சு சொல்றான்."

அந்த அடுப்பங்கரை அவருக்கு இருக்குமா இருக்காதா என்பது என் கையில் வந்து நின்றது. என்னிடமோ ஒரு காரணமும் இல்லை.

டிஷ்வாஷருக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பார்க்க அவ்வளவு அழகான ஏற்பாடு. பாத்திரங்களைத் தண்ணீரில் முக்கி எடுப்பதில்லை அது. அடியில் மூன்று லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். பம்ப் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பாத்திரங்கள்மேல் பீய்ச்சும். வழிந்து விழுந்த தண்ணீரையே மறுபடி உறிஞ்சும். இப்படி அதே மூன்று லிட்டர் நூற்றுக்கணக்கான முறை சுற்றிவரும். ஹீட்டர் ஒரு எஃகுக் குழாய். அது பம்பை ஒட்டியே இருக்கிறது. ஓடுகிற தண்ணீர் அதை உரசிக்கொண்டு போகும்போது சூட்டையும் வாங்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஹீட்டர் பிழைக்கிறது. தண்ணீர் தொடாத இடத்தில் சூடு போக வழியில்லாமல் தேங்கும். உள்ளே இருக்கும் கம்பி அந்த இடத்தில் உருகி அறுந்துவிடும். பாதுகாப்புக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் மொத்தமும் சூடானால்தான் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒரு நகம் அகலத்துக்குச் சூடானால் அதற்குத் தெரியாது.

நல்ல ஹீட்டர் என் மீட்டரில் முப்பது ஓம்ஸ் காட்டும். இந்த வீட்டில் கழற்றிய மூன்றும் எதையுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருந்தது. மூன்றையும் அறுத்துப் பார்த்தேன். மூன்றிலும் மேல்பக்கம் மட்டும் கருத்திருந்தது. உப்புப் படிவு துளியும் இல்லை. போர்வெல் தண்ணீரின் கடினத்தைக் குறைக்க மெஷினில் போடவேண்டிய உப்பை மேடம் தேதி குறித்து வைத்துக்கொண்டு போடுகிறவர்.

அப்படியானால் தண்ணீர் குறைகிறது என்று நினைத்தேன். உள்ளே வந்த தண்ணீரை வாளியில் பிடித்து அளந்தேன். சரியாக மூன்று லிட்டர். வோல்டேஜை மூன்று நாள் பதிவு செய்து பார்த்தேன், குறையில்லை. முதல் முறை ஹீட்டரோடு வயரை மாற்றினேன். இரண்டாம் முறை சர்க்யூட் போர்டையும் பம்பையும் மாற்றினேன். பாத்திரத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால் கழுவுகிறீர்களா என்றும் ஒரு முறை கேட்டேன். அவர் தன் விரல்களை என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"கழுவ முடிஞ்சா இத எதுக்குப்பா வாங்கறோம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் மெஷினைக் காலியாக ஓட்டிப் பார்ப்பேன். அதுதான் கம்பெனி வழக்கம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் அறுபத்தைந்து டிகிரிவரை ஏறி அழகாக நிற்கும்.

"ஒன்னப் பாத்தா மட்டும் ஒழுங்கா ஓடுதுப்பா," என்பார் மேடம். "எங்க ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு எல்லாரும் சீட்ல இருப்பாங்க, அந்த மாதிரி."

நான்காவது ஹீட்டருக்குக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டு மின்சாரத்தில் கோளாறு என்று எழுதி கம்ப்ளெயின்டை மூடிவிடச் சொன்னார்கள். மின்சாரத்தை நானே அளந்திருக்கிறேன். அப்படி எழுத மனம் வரவில்லை. சிவாஜிநகரில் பழைய மெஷின்களைப் பிரித்து விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே தேடி அதே மாடலின் ஹீட்டர் ஒன்றை எடுத்தேன். அந்த வாரம் என் லீவு நாளில் போய் மாட்டினேன். மாட்டும்போதே தெரிந்தது, இதுவும் போகும். காரணம் தெரியாமல் மாட்டுகிற பார்ட் நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பார்ட்தான்.

காலியாக ஓட்டிப் பார்க்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். இரண்டு முறை அதைச் செய்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வீட்டுச் சாப்பாடு முடிந்து, இந்த வீட்டுப் பாத்திரங்களோடு இது ஓடுவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் வருகிற நாளில் மேடம் சிங்க்கைத் துடைத்து வைத்திருப்பார். மதியம்வரை உட்கார்ந்திருக்கிறேன், எப்போதும்போல சமைத்து, சாப்பிட்டு, மெஷினைப் போடுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பார்க்கப் போகிறேன் என்றால் நானும் சாப்பிட்டாக வேண்டும் என்றார். வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும் போட்டார். சாதம் வடித்த பாத்திரத்தைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் ப்ரஹ்லாத் போன் செய்தார். நான் ஹாலுக்குப் போய்ப் பேசினேன். நல்ல மனிதர். கோபப்படவில்லை. இந்த முறையாவது என்ன காரணம் என்று தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். சரி, உங்களைக் குறை சொல்லவில்லை, காரணம் தெரியாவிட்டால் இதுவும் நிற்கத்தான் போகிறது, மாதக் கடைசியில் அம்மாவின் சாமான்களுக்கு லாரி சொல்லிவிடுகிறேன் என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மேடம் டிஷ்வாஷரின் கதவைச் சாத்தி பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

தரையில் உட்கார்ந்து காதைக் கதவில் வைத்தேன். முதலில் தண்ணீர் நிறையும் சத்தம். பிறகு பம்பின் சத்தம், ஒரே சீராக. ஏழெட்டு நிமிடம் போனது. அதன்பின் அந்தச் சத்தம் தேய்ந்தது. தண்ணீர் இல்லாத குழாயில் கேட்குமே, அந்த மாதிரி ஒரு கொரகொரப்பு. கொஞ்ச நேரம் சீராகும், மறுபடி கொரகொரக்கும். காலியாக ஓட்டியபோது ஒரு நாளும் கேட்காத சத்தம் அது. மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

உள்ளே வெள்ளை நுரை கீழ்த்தட்டின் உயரத்துக்கு நின்றது. திறந்த கதவின்மேல் வழிந்து என் முழங்காலை நனைத்தது.

மூன்று லிட்டரும் அங்கேதான் இருந்தது, நுரையாக. பம்ப் உறிஞ்சியது முக்கால் பங்கு காற்று. காற்று மேலே போய்த்தான் தங்கும்; அதனால்தான் ஹீட்டரின் மேல்பக்கம் கருத்தது. ஓட்டம் முடிவதற்குள் அலசும் தண்ணீர் நுரையைக் கரைத்துவிடுவதால் மேடமும் அதைப் பார்த்ததில்லை. இதற்கென்று விற்கும் பொடி நுரைக்காது. இது வேறு சோப்பு.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். அப்படியே மறுபடி செய்து காட்டச் சொன்னேன். சிங்க் ஓரத்தில் இருந்த திரவ சோப்பை ஒரு தட்டில் பீய்ச்சி, கையால் தடவாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சாய்த்து ஊற்றிவிட்டு, நுரையோடு தட்டை என்னிடம் காட்டினார்.

"இதான் தெனமும் பண்றீங்களா, மேடம்?"

"இது கழுவறது இல்லப்பா. எச்சில் போக்கறது. ஒன் தட்டு, என் தட்டு ரெண்டும் எச்சில். அத அப்படியே எடுத்துட்டுப் போய் சாதம் வடிச்ச பாத்திரத்துக்குப் பக்கத்துல வெப்பாங்களா யாராவது?"

காரணம் கிடைத்துவிட்டது. சொன்னேன். இந்த நுரைதான் மூன்று ஹீட்டரையும் தின்றது, சோப்புப் போடாமல் நேராக உள்ளே வையுங்கள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெந்நீர் கிருமி எதையும் விடாது என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார்.

"கிருமி எனக்கும் தெரியும். அறுபத்தேழு வருஷம் எச்சிலையும் சமையலையும் ஒண்ணா வெச்சதில்ல. இனிமே வராதுப்பா எனக்கு. லாரி வரட்டும்."

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. காரணம் தெரியாத நாட்களில்கூட நான் இவ்வளவு கையாலாகாமல் நின்றதில்லை. இயந்திரத்தில் திருத்த ஒன்றுமில்லை. அவரிடம் திருத்த எனக்கு உரிமையில்லை. நுரையைத் துணியால் வழித்து வழித்து வாளியில் பிழிந்தேன். மிச்சத்தை அலசி வெளியேற்ற வெறும் பச்சைத் தண்ணீர் ஓட்டத்தைப் போட்டேன். பதினைந்து நிமிடம் ஓடும், சோப்பு தேவையில்லை, அதில் ஹீட்டர் வேலையே செய்யாது. பலர் ஒரு நாளும் தொடாத பட்டன் அது. என் விரல் இன்னும் அதன்மேலேயே இருந்தது.

எச்சில் போக வெறும் தண்ணீர் போதுமா என்று கேட்டேன். தண்ணீர்தான் முக்கியம், தேய்க்க முடியாததால்தான் சோப்பை விட்டேன் என்றார். மெஷினின் உட்புறமும் அதே தண்ணீரில் அலசப்பட்டு, அழுக்குத் தண்ணீர் முழுக்க வெளியே போய்விடுமா என்று அவர் கேட்டார். போய்விடும் என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து பட்டன் பக்கம் வந்தார்.

"ரெண்டு தரம் போடலாமா?"

"போடலாம், மேடம்."

எட்டு மாதம் ஆகிறது. காரணத்தை ப்ரஹ்லாத்திடம் சொன்னேன், லாரி வரவில்லை. மேடம் காக்ஸ் டவுனில்தான் சமைக்கிறார், நான்காவது ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் செய்வது இதுதான். எச்சில் தட்டுகளை மட்டும் உள்ளே வைத்து, சோப்பும் பொடியும் இல்லாமல், பச்சைத் தண்ணீர் ஓட்டத்தை இரண்டு முறை போட வேண்டும். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு சமையல் பாத்திரங்களை மேல்தட்டில் அடுக்கி, டிஷ்வாஷர் பொடியைப் போட்டு, வெந்நீர் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். கையால் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.