மூன்று விரல் உயரம்

ஜைனுதீன் வாங்கியபோது அந்தக் கார் நன்றாகத்தான் ஓடியது. பிரச்சினையே அதுதான். நன்றாக ஓடும் காரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் செய்வான்?

இருபது வயதில் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே சத்ரியா ஜிடிஐ. மூன்று கதவு, சின்ன உடம்பு, பெரிய கோபம். பாச்சாங்கில் பாத்திரக் கடை, வீடு, கொழுப்பு மாத்திரை எல்லாம் வந்து சேர்ந்தபிறகு, நாற்பத்தாறாவது வயதில்தான் அது பழைய காராக அவர் வாசலுக்கு வந்தது. வந்த வாரமே அந்த வகைக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். குழுவின் தலைவர் ஜாகிர், கைப்பேசி உறை விற்பவர். கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. வேகமாக ஓட்டிப் பார்த்தது மட்டும்தான் இல்லை.

ஜாகிர் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை விட்டார்.

"மச்சான், நாலு விரல் போகுது. இத வச்சிக்கிட்டு வளைவுல எப்படிப் போவ? காடிய லோ பண்ணு லா."

ஜைனுதீன் லோ பண்ணினார். சக்கரத்து அதிர்வைத் தாங்கும் அப்சோர்பர்கள் புதிதாக வந்தன, உயரத்தைத் திருகிக் குறைக்கக்கூடியவை. ஒரு விரல்கூட நுழையாதபடி கார் தரையோடு தரையாக உட்கார்ந்தது. இறுக்கத்தைக் கூட்டும் திருகும் அதில் இருந்தது. முப்பது படி. திருகு என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசிவரை திருகுவதுதானே முறை? திருகினார். போனட்டுக்கு அடியில் சிவப்புக் கம்பி ஒன்றும் குறுக்கே ஏறியது. படம் எடுத்துக் குழுவில் போட்டார். ஐம்பத்திரண்டு பேர் நெருப்புப் படம் அனுப்பினார்கள். அன்று ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் மனைவி பௌசியாவை ஏற்றிக்கொண்டு லூபோக் சீனா ஊரில் இருக்கும் மச்சினி வீட்டுக்குப் புறப்பட்டார். மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டும்வரை பௌசியா கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். அதற்குப்பிறகு பேசினார்.

"என்னங்க, ரோட்டுல வெள்ளைக் கோடு போட்டிருக்காங்களே, அந்தப் பெயிண்ட் எவ்வளவு கனம்னு எனக்கு இப்பத் தெரியுது."

"அதுக்குப் பேருதான் ரோட் ஃபீலிங்."

"ஃபீலிங் எனக்கும் இருக்கு. அந்த பஸ் ஸ்டாப்புல நிறுத்துங்க."

நிறுத்தினார். பௌசியா நிஜமாகவே இறங்கிப் பேருந்தில் போனார். பேருந்து பின்னால் வர, ஜைனுதீன் குழிக்குக் குழி வளைந்து முன்னால் போனார். கடைசியில் பேருந்துதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் தியாகம். பலன் போட்டியில் தெரியும் என்று ஜைனுதீன் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆயர் கெரோவில் ஒரு ஸ்டேடியத்துக் கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே நெளிந்து நெளிந்து யார் சீக்கிரம் ஓட்டுகிறார்கள் என்று நேரம் பார்க்கும் போட்டி. ஜைனுதீன் ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டு நேராகப் போனது. நான்கு கூம்புகள் விழுந்தன. இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டாவது இடம். இருபத்து மூன்றாவது ஆள் ரேடியேட்டர் வெடித்துப் பாதியில் நின்றவர். முதல் ஐந்துக்குள் வந்தவர்களில் ஒருவர் மிக்கேல்ராஜ், பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய குட்டிக் காஞ்சில் காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை.

"இன்னும் லோ பண்ணணும் மச்சான்," என்றார் ஜாகிர்.

இன்னும் லோ பண்ணினால் காரைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும். வேறு வழி தேடி டுரியான் துங்காலில் டயர், அலைன்மெண்ட் பார்க்கும் பெங்கேல் பட்டறை நடத்தும் கிளாரிசாவிடம் போனார். முப்பத்தைந்து வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். காருக்கு அடியில் குனிந்து, அப்சோர்பரின் பளபளப்பான தண்டில் வயர் கட்டும் சின்ன பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைச் சுற்றினார்.

"அணைக்கட்டு ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே. அப்சோர்பர் எவ்வளவு இறங்குதோ, இதையும் அவ்வளவு தள்ளிவிட்டுடும்."

போய்வந்தார். கேபிள் டை நகம் அளவுக்குக்கூட நகரவில்லை.

"பாத்தியா, எவ்வளவு ஸ்டெடி!" என்றார் ஜைனுதீன் பெருமையாக.

"ஸ்டெடி இல்லண்ணே. அது இறங்க இடமே இல்ல. தண்டு முட்டாம இருக்க ஒரு ரப்பர் வச்சிருப்பாங்க. நீங்க அந்த ரப்பர் மேலதான் உக்காந்து ஓட்டுறீங்க. வளைவுல முன்பக்கம் அமுங்க முடியல, டயருக்குப் பிடி இல்ல, காடி நேராப் போகுது."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"மூணு விரல் தூக்கணும்."

எஞ்சினையே மாற்றவேண்டும் என்றிருந்தால்கூட ஜைனுதீன் தாங்கியிருப்பார். ஐம்பத்திரண்டு நெருப்புகளுக்கு என்ன பதில் சொல்வது? "யோசிச்சு சொல்றேம்மா," என்றார். அவர் கடையில் குக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை அது.

அவர் யோசிக்கவில்லை. டயர்தான் யோசித்தது. இரண்டு வாரத்தில் முன்டயர்களின் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி கிளாரிசாவிடம் போனார்.

கிளாரிசா தூக்கினார். முப்பதாவது படியில் இருந்த இறுக்கத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கினார். சிவப்புக் கம்பியை, "அழகுக்கு இருக்கட்டும்," என்று விட்டுவிட்டார். பிறகு சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருந்த புஷ் ரப்பர்களைக் கழற்றிக் காட்டினார். இருபத்தைந்து வருட வெயிலில் வெடித்துக் கருவாடாகியிருந்தன.

"இதை ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

"ஃபோட்டோல தெரியாதுல்லண்ணே."

புது ரப்பர் போட்டு, நான்கு சக்கரங்களின் கோணத்தையும் சரிபார்த்துச் சாவியைக் கொடுத்தார். பாச்சாங் போகும் வழியில் முதல் வளைவு வந்தது. ஜைனுதீன் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். கார் திரும்பியது. திருப்பிய இடத்தில், திருப்பிய அளவுக்கு. அவர் பல்லை விட்டார். அடுத்து வந்த ரவுண்டபௌட்டை நான்கு தடவை சுற்றினார். ஓரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, வழி தெரியாதவர் என்று நினைத்துக் கைகாட்டினார். ஜைனுதீன் அவருக்குக் கையசைத்துவிட்டு ஐந்தாவது சுற்றுப் போனார். இருபது வயதில் அவர் ஆசைப்பட்டது இதைத்தான்.

ஆனால் ரகசியம் நிலைக்கவில்லை. யாரோ உயர்ந்து நின்ற காரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். "ஜைனு டுரியான் தோட்டம் வாங்கிட்டாரா? பழம் ஏத்துற லோரி மாதிரி நிக்குது!" என்று ஜாகிர் எழுதினார். சிரிப்புப் படங்களை ஜைனுதீன் எண்ணவில்லை.

அடுத்த போட்டிக்கு ஜாகிரும் முதல் முறையாகத் தன் காரோடு வந்தார். ஸ்டேடியத்து வாசலில் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் ஏறியது, வயிறு ஏறவில்லை. அங்கேயே ஆமைபோல் கிடந்த காரை நான்கு பேர் தூக்கி இறக்கவேண்டியிருந்தது. அந்த நால்வரில் ஒருவர் ஜைனுதீன். தூக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்.

அன்று அவர் ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. ஆறாவது இடம். மிக்கேல்ராஜின் காஞ்சில் அரை வினாடி முன்னால் போயிருந்தது. அது வேறு கதை.

"என்னடா பண்ணுன?" என்று ஜாகிர் ஓரமாக இழுத்துக்கொண்டு கேட்டார்.

உண்மையைச் சொல்ல நல்ல தருணம். ஜைனுதீன் தொண்டையைச் செருமினார். "சஸ்பென்ஷன் ஜியோமெட்ரி," என்றார்.

ஜாகிர் மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் கிளாரிசா போன் பண்ணினார். "அண்ணே, வாசல்ல மூணு சத்ரியா நிக்குது. எல்லாருக்கும் ஜியோமெட்ரி வேணுமாம். தூக்கணும்னு சொன்னா மூஞ்சிய சுளிக்கிறாங்க. ரேஸ்ல வைக்கிற சர்க்யூட் ஹைட்டுன்னு சொன்னேன், ஓகேன்னுட்டாங்க. முதல் ஆளு ஜாகிர் அண்ணன்."

அன்று மாலை குழுவில் ஒரு நீண்ட பதிவு வந்தது. காரை அளவுக்கு மீறி இறக்கினால் ஏன் வளைவில் பிடி போகிறது, ரப்பர் ஏன் முக்கியம், கேபிள் டையை வைத்து எப்படிச் சோதிப்பது எல்லாம் விளக்கமாக, படத்தோடு. கீழே ஜாகிர் என்று பெயர். 'என் பல வருட அனுபவத்தில்' என்று தொடங்கியிருந்தது.

ஜைனுதீன் கடையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். ஏதாவது தப்பு கிடைக்குமா என்று தேடினார். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க மெசேஜு?" என்றார் கல்லாவில் இருந்த பௌசியா.

"ஜாகிர். காடியப் பத்தி பாடம் நடத்துறான்."

"நல்லா எழுதுவாரே. படிச்சுக் கத்துக்குங்க."

ஜைனுதீன் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளருக்கு இட்லிச் சட்டி எடுக்கப் போனார்.