ஹில்டாவை விளையாட அனுப்பவில்லை

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் ஹில்டாவைப் பார்த்தேன், பதின்மூன்று வருடம் கழித்து. என்னைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

"1981. ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் காலைச் சங்கு ஊதியதும் ஹில்டா கண்விழித்து..."

(பொய். சங்குக்கு முன்பே எழுந்து நாலு கணக்காவது போட்டிருப்பாள். அடித்துவிட்டேன்.)

2

பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் வந்தால் கணக்கு டீச்சர் வாசலில் நிற்பார்.

"ஹில்டா, நீ போவாத. உக்காந்து கணக்கு போடு. ஆடுறதுங்க ஆடட்டும்."

ஆடுவதுகள் நாங்கள், கடைசி பெஞ்ச். த்ரோபாலில் தோற்போம், அழுவோம், சண்டை போடுவோம், அடுத்த வாரம் மறுபடி போய் நிற்போம். ஹில்டா ஜன்னல் வழியாக ஏக்கத்தோடு...

(இதுவும் வேண்டாம். அவள் குனிந்து கணக்குதான் போட்டாள். ஏங்கியது நான், அவள் ரேங்க்குக்காக.)

தோற்ற மறுநாள் எப்படி எழுந்து வருவது என்பதைப் பள்ளிக்கூடம் அந்த ஒரு பீரியடில்தான் சொல்லித்தந்தது. அதுவும் மக்குகளுக்கு மட்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

3

1985. இருவரும் ஒரே கல்லூரி, இரண்டாம் வருடம். ஹில்டாவுக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் பெயில். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்பா எட்மண்ட் அங்கிள் என்னைத் தேடி வந்தார்.

"ரெண்டு நாளா சாப்டல ஜமீலா. திரும்ப எய்தறதுக்கு நாளிக்கு கடைசி தேதி. நீ வந்து சொல்லும்மா."

மறுதேர்வு விண்ணப்பத்தோடு போனேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஜமீலா, பெயிலானா அப்பால இன்னாடி பண்ணுவாங்க?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்குத் தெரியும். எனக்கு மூன்று பேப்பர் போயிருந்தது, வீட்டில்கூடச் சொல்லவில்லை. அங்கிள் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும்.

"உனக்கு இன்னாடி, நீ ஃபர்ஸ்ட் ரேங்க்கு!" என்றேன்.

விண்ணப்பத்தைக் கதவடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

4

முடிவு அ: கதவு திறக்கிறது.

முடிவு ஆ: "எனக்கு மூணு போச்சுடி, வா, ஒண்ணா எய்துவோம்" என்கிறேன். ஹில்டா சிரி...

(முடியவில்லை. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது மறந்துவிட்டது.)

நடந்தது: நான் எழுதினேன், மறுபடி ஒன்றில் போனேன், மறுபடி எழுதினேன். அவள் எழுதவேயில்லை.

என்னால் இதை முடிக்க முடியாது. எட்மண்ட் அங்கிள் காலமாகிவிட்டார். கதவுக்கு வெளியே இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். உள்ளே அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள். ரேங்க்கை மட்டும் ஞாபகப்படுத்தாதீர்கள்.