வாய் தெரிகிற டிவி

எங்கள் வீட்டு டிவி ஒரு செவ்வாய்க்கிழமை காலைச் செய்திக்கு நடுவில் டப்பென்று சத்தம் போட்டு இருண்டது. எனக்கும் என் மனைவிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. இருண்ட கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான்தான் ரிமோட்டில் எதையோ அமுக்கித் தொலைத்தேன் என்று என்னை முறைத்தாள்.

மறுநாள் ரிப்பேர்காரர் வந்தார். பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த பதிமூன்று வருஷத் தூசிக்கு நாலு தும்மல் போட்டார். பிளாஸ்மா டிவி என்று தெரிந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். இந்த ரகத்தைச் செய்வதை எல்லாக் கம்பெனிகளும் எப்போதோ நிறுத்திவிட்டன, பாகம் கிடைக்காது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். புதிதில் எது நல்லது என்று கேட்டேன். "எல்லாமே நல்லதுதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் பிள்ளையார் சுழி.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இருபத்தெட்டு வருஷம் நெசவு மில்லில் தறி ஓட்டியவள். இருநூறு தறிகள் ஒன்றாக ஓடும் ஷெட்டில், பக்கத்தில் நிற்பவரின் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் எல்லோரும் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். ஆறு தறி தள்ளி நிற்பவளோடு குழம்புக்கு என்ன போட்டாய் என்பதிலிருந்து மாமியார் சண்டை வரை எல்லாம் நடக்கும். சூப்பர்வைசர் நடுவில் நடந்துபோகும்போதே அவருடைய தொப்பையைப் பற்றி இரண்டு பக்கமும் பேச்சு ஓடும். வேலையை விட்டு வந்தபோது அக்காவுக்குக் காது பெரும்பாலும் போயிருந்தது. உதட்டைப் படிக்கும் பழக்கம் மட்டும் தங்கியது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். மிக்சி ஓடுவதும் நாற்காலி இழுபடுவதும்தான் பெரிதாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவது கேட்கவில்லை என்று அதை அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

என் உதட்டை அவளால் படிக்க முடியாது. எனக்கு மீசை அடர்த்தி. "புதருக்குப் பின்னாடி நின்னு பேசாதே" என்பாள். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டோ துணியை மடித்துக்கொண்டோதான் பேசுவாள். நாங்கள் அக்காவிடம் சொல்வதெல்லாம் சுருக்கிச் சுருக்கி, சாப்பிட வா, மாத்திரை போட்டாயா என்கிற அளவுக்கு வந்து நின்றிருந்தது. டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் அப்படி இல்லை. நேராகப் பார்த்து, நிதானமாக, வாய் திறந்து பேசுகிறார்கள். "இந்த வீட்டுல அந்தப் பொண்ணு ஒருத்திதான் என் மூஞ்சியப் பாத்துப் பேசுது" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அது உறைத்தது.

டிவி போன முதல் வாரம் மச்சினன் தன் வீட்டில் சும்மா கிடந்த எல்இடி டிவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். பழையதைவிடப் பெரிது, பளிச்சென்று இருந்தது. அக்கா பத்து நிமிஷம் பார்த்தாள். "வாய் குழையுது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். எனக்குக் குழைவதாகத் தெரியவில்லை. நான் முகத்தைப் பார்க்கிறேன், சட்டையைப் பார்க்கிறேன். அவள் பார்ப்பது உதடு மூடித் திறக்கும் அந்தக் கண நேரத்தை. அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். நாலாம் நாள் என் மனைவி, "அண்ணி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டு நாலு நாளாச்சுங்க" என்றாள்.

சரி, முறையாகச் செய்வோம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு விசாரிக்க உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு எரிச்சல் தந்த கட்டம் வேறு இல்லை. எல்சிடி என்று ஒரு கட்டம், எல்இடி என்று ஒரு கட்டம் போட்டேன். இரண்டு நாள் கழித்து, எல்இடி என்று விற்பதும் எல்சிடிதான், பின்னால் எரியும் விளக்குதான் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு கட்டத்தை அடித்தேன். கியூஎல்இடி என்று புதிதாக ஒன்று போட்டேன். அதுவும் அதேதான், நிறம் தூக்கலாகத் தெரிய நடுவில் ஒரு படலம் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அதையும் அடித்தேன். ஓஎல்இடி மட்டும்தான் நிஜமாகவே வேறு சாதி. பின்னால் விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். அப்பாடா என்று அதை எழுதினால், மச்சினன் ஃபோன் செய்து அதிலேயே மூன்று தினுசு இருக்கிறது மாமா என்றான்.

இதில் எதில் வாய் குழையாது என்று எவரும் சொல்லத் தயாராக இல்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று சொல்கிறார்கள். எத்தனை கோடி நிறம் என்று சொல்கிறார்கள். அத்தனை கோடி நிறத்தை எண்ணிப் பார்த்தவன் யார் என்று தெரியவில்லை. கடைக்கு ஃபோன் போட்டு, பேசுகிறவரின் வாய் தெளிவாகத் தெரியுமா என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் கொஞ்சம் தயங்கி, சவுண்ட் சிஸ்டம் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்கிறார்.

மச்சினனுக்கோ விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவன் வாங்கியதையே எல்லோரும் வாங்க வேண்டும் என்பது அவனுடைய கொள்கை. "மாமா, கண்ண மூடிக்கிட்டு ஓஎல்இடி எடுங்க" என்றான். கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பதற்குத்தானே டிவி என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தது.

அக்கா கடைக்கு வர மறுத்தாள். உங்களுக்குப் பிடித்ததை வாங்குங்கள், நான் பழகிக்கொள்கிறேன் என்றாள். பழகிக்கொள்வது என்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்று எனக்குத் தெரியும். நீ வராமல் நான் வாங்குவதாக இல்லை, டிவிக்குப் பதில் சுவரில் நாள்காட்டியை மாட்டிவிடுகிறேன் என்று மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொன்ன பிறகுதான் செருப்பைப் போட்டாள்.

முதல் கடையில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் மீன். இரண்டாவது கடையிலும் மீன்தான், நடுநடுவே கிளியும் அருவியும் வந்தன. மூன்றாவது கடைக்குப் போனபோது, அங்கேயும் அதே மீன்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தன. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அக்கா ஒன்றின் முன்னால் நின்று கவனமாகப் பார்த்துவிட்டு, "இது ஒரே வார்த்தையத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது" என்றாள். மூன்று வாரத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, அவ்வளவு கால்வலி.

அங்கே இருந்த விற்பனையாளர் மழமழவென்று சவரம் செய்த, சுறுசுறுப்பான ஆள். மனிதர்கள் பேசுவது போல ஏதாவது போடுங்கள், செய்தி சேனல் இருந்தால் நல்லது என்றேன். கடையில் கேபிள் இணைப்பு இல்லை, பென் டிரைவில் கம்பெனி கொடுத்ததுதான் ஓடும் என்றார். டிவி விற்கிற கடையில் டிவி பார்க்க முடியாதா என்று கேட்டேன். "சார், இதுல கலரப் பாருங்க" என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி கலரைக் காட்டினார். கடைக்குள் பாட்டு வேறு காதைக் கிழித்துக்கொண்டிருந்ததால், நாங்கள் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம். அக்காவுக்கு மட்டும் ஒரு தொல்லையும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என் ஃபோனில் ஒருவர் பேசுவதைப் படம் பிடித்து, அந்த பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு டிவியிலும் ஓட்டிப் பார்த்தால் என்ன? நான் பேச முடியாது, மீசை. விற்பனையாளரையே கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், கடைசியில் ஒத்துக்கொண்டார். வாரண்டி அட்டையைக் கையில் கொடுத்து அதையே வாசிக்கச் சொன்னேன். நாலடி தள்ளி நின்று பிடித்தேன். ஒரு நிமிஷம் வாசித்து முடித்துவிட்டார். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் திரும்பிப் பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியரிடம் ஏதோ சொன்னார். பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அந்தப் பக்கம் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். பில் போடும் இடத்துக் கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினார்கள்.

முதலில் கடையிலேயே பெரிய டிவி. கியூஎல்இடி. விற்பனையாளரின் முகம் ஒரு கதவளவுக்கு வந்தது. அக்கா ஆறடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். "வாரண்டி... வருஷம்... அப்புறம் எல்லாம் களி" என்றாள். அடுத்தது மச்சினன் சிபாரிசு செய்த ஓஎல்இடி. கறுப்பு நிஜமாகவே கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் உதடு ரப்பர் மாதிரி இழுபடுகிறது, சொல் முடிவதற்குள் அடுத்த சொல் வந்து ஏறிக்கொள்கிறது என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது நடுத்தர அளவில் ஒரு எல்இடி. அதிலும் அப்படித்தான் இருந்தது. நான் நோட்டை மூடிவிட்டேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

பில் போடும் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்த வேறொரு ஊழியர், வயதானவர், என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அவர் ரிமோட்டை வாங்கினார். அசைவு வழவழப்பாகத் தெரிவதற்காக டிவி தானாகவே நடுநடுவே படங்களைக் கற்பனை செய்து நுழைக்கும், கடையில் எல்லாவற்றிலும் அதை உச்சத்தில் வைத்திருக்கிறோம், அப்போதுதான் மீன் அழகாக நீந்தும் என்றார். ஆக, அக்கா இத்தனை நேரம் யாரும் பேசாத உதடுகளையும் சேர்த்துப் படிக்கப் பார்த்திருக்கிறாள். மச்சினன் கொண்டுவந்து மாட்டிய டிவியிலும் இதே வழவழப்புத்தான் இருந்திருக்கும். மூன்று வாரத்தில் இதை ஒருவர், ஒரே ஒருவர், என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அவர் அந்த நடுத்தர எல்இடியில் அதை அணைத்துவிட்டுப் படத்தை மறுபடி ஓட்டினார்.

அக்கா முன்னால் சாய்ந்தாள். வாசிக்க வாசிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனால் பொறுப்பில்லை. எலி கடித்தால் பொறுப்பில்லை. ரசீது இல்லாமல் வந்தால் பொறுப்பில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. காது போனவர்களுக்குக் குரலின் அளவு தெரியாது, அவள் கடைக்கே கேட்கும்படி சொன்னாள். வாரண்டி அட்டை முடிந்தது. திரையில் விற்பனையாளர் பக்கவாட்டில் திரும்பினார். பக்கவாட்டு வாயைப் படித்தே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள் அக்கா. அதே குரலில் தொடர்ந்தாள்.

"இந்த ரெண்டு பெருசும் எதையும் வாங்காது. நீ பாத்துக்க, எனக்குப் பசி உயிர் போகுது."

விற்பனையாளரின் முகம் திரையில் ஒரு மாதிரியும் நேரில் வேறு மாதிரியும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், வயதானவரைப் பார்த்தார், அக்காவை மட்டும் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, அதையும் படித்துவிடுவாளோ என்று பயந்த மாதிரி மூடிக்கொண்டார். எனக்கு மூன்று வார எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு நாக்கு நுனிக்கு வந்தது. அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"தம்பி, நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. நாங்க இங்கயே உக்காந்திருக்கோம். வந்து இதையே பில் போடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாய் நல்லாத் தெரியுதுடா" என்றாள்.

அவர் சாப்பிடப் போகவில்லை. அங்கேயே நின்று பில் போட்டார், பெட்டியைத் தானே தூக்கிவந்து வண்டியில் வைத்தார். அக்காவிடம் பேசும்போதெல்லாம் நேராக நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும்கூட அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

டிவியை மாட்டி இப்போது பத்து நாளாகிறது. வழவழப்பை அணைத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் அது தானாகவே திரும்பி வருகிறது, நான் திரும்பவும் ஆறு மெனு இறங்கிப் போய் அணைக்கிறேன். இதற்கு ஏன் ஆறு மெனு என்று எவரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அக்கா கதவைச் சாத்துவதை விட்டுவிட்டாள். ஆனால் செய்தியோடு நிற்கவில்லை. பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டும்போது, மேலே செய்தி வாசிப்பவரின் குரல் ஓடும் அல்லவா, அப்போது அந்தப் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இவள் படித்துச் சொல்கிறாள். ஒருவருக்கு முட்டி வலி. ஒருவர் டீ ஆறிப்போச்சு என்கிறார். நேற்று ஒரு முக்கியமான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கையெழுத்துப் போட்டவர் பக்கத்து ஆளிடம் இந்த ஏசியக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க என்றாராம்.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "அண்ணி, அந்தக் கோடியில உக்காந்திருக்கிறவர் என்ன சொல்றாரு?" என்று கேட்கிறாள். செய்தி வாசிப்பவரின் குரலும் அக்காவின் குரலும் கலந்தால் அவளுக்குக் குழப்பமாக இருக்கிறதாம், டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் எதற்காகப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.