பக்கத்து வரிசை

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி தளர்ந்திருந்தது. இசைவாணி அதை அவிழ்த்து, உச்சந்தலையில் மறுபடியும் இறுக்கி முடிச்சுப் போட்டாள். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். விடிந்ததும் செய்தி வர, திண்டிவனத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அம்மா சவுரியம்மாளிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

"பிரஷருங்க. மூளையில ரத்தக்கொழா வெடிச்சிடுச்சி."

பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அம்மா இரண்டு வருஷமாகச் செய்துவந்தாள்.

கொத்தனார் வேலை பார்த்த அப்பாவுக்கு முதலில் போனது தூக்கம்தான். பிறகு சாரத்தில் ஏறினால் கை நடுங்கியது. தெருவில் யார் பேசினாலும் தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று பயந்தார். உள்ளூரில் காட்டினால் தெரிந்துவிடுமென்று, மகள் வீட்டுக்குப் போகிற சாக்கில் அம்மா அவரை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "மனசு இப்பிடிக் கெடந்தா பிரஷர் அடங்காதும்மா. ரெண்டுக்கும் மாத்திர வுடாம குடுங்க."

அங்கே பிரஷர் வரிசையும் மனநல வரிசையும் பக்கத்துப் பக்கத்தில். அம்மா பிரஷர் வரிசையில் நிற்பாள். பெயரைக் கூப்பிடும்போது மட்டும் அப்பா அந்தப் பக்கம் நழுவுவார். ஒருநாள் உள்ளூர் மாதா கோயிலில் பாட்டுப் பாடும் இருதயமேரி எதிரே வந்துவிட்டாள். அம்மா சட்டென்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து பிரஷர் வரிசையில் சொருகினாள்.

அதோடு பக்கத்து வரிசைக்குப் போவது நின்றது, மனசுக்கான மாத்திரையும் நின்றது. "அலெக்ஸுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். பைத்தியக்கார வூடுன்னு பேரு வந்தா எவன் குடுப்பான்?" என்றாள் அம்மா. கொஞ்ச நாளில் அப்பா பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டார். "இருந்து இன்னாத்துக்கு?" என்பார். தம்பி அலெக்ஸுக்குப் பெருமுக்கல் கிராமத்தில் பெண் அமைந்தது. அப்பாதான் கல்யாணம் வரைக்கும் தாங்கவில்லை.

ஃபாதர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். சிலுவையைப் பிடித்து முன்னால் நடக்கவேண்டிய அலெக்ஸ் காம்பவுண்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, மூச்சு வரல. நானும் செத்துருவேன் போலக்கீது."

"எத்தினி நாளாடா இப்பிடி?"

"கொஞ்ச நாளாவே. தூக்கமே இல்லக்கா. அம்மாகிட்ட சொல்லாத."

அப்பாவும் முதலில் இதைத்தான் சொன்னார்.

"துக்கத்துல பிரஷர் ஏறியிருக்கும், சோடா குடுங்க ஜல்தி" என்றது ஒரு குரல். அலெக்ஸுக்குப் பேசியிருந்த பெண்ணின் தாய்மாமன் அறிவுச்செல்வன் குனிந்து பார்த்தார். "மாப்ளைக்கு இன்னாச்சிங்க? இவருக்கும் பிரஷரா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். இந்தத் தடவையும் அந்தச் சொல்லைச் சொன்னால், பிணம் கிடக்கிறதென்றும் பார்க்காமல் கத்திவிடுவது என்று இருந்தாள் இசைவாணி. அவ்வளவு கோபம் இருந்தது அவளுக்கு. அதைவிட அதிகமாகப் பயம்.

அம்மா மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க. மனசு முடியல அவனுக்கு. அவங்கப்பாவுக்கும் அதாங்க. நாந்தான் வெளிய சொல்லல."

அறிவுச்செல்வன் நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

பெட்டியைத் தூக்கினார்கள். "ஏம்மா சவுரி, பெட்டி கெளம்புது, வா" என்று பெண்கள் கூப்பிட்டார்கள். புருஷன் பின்னால் நடக்கவேண்டியவள் எழுந்திருக்கவில்லை. இசைவாணி சிலுவையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெண்பிள்ளை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். அம்மா மண்ணில் உட்கார்ந்து, அலெக்ஸின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.