பாஸ் லேட்டா வருது

தீபாவளிக்கு அப்புறம் பூங்குழலி எறிந்த பந்து ரிங்குக்குள் விழவில்லை. ஒரேயடியாக விழவில்லை என்றும் சொல்ல முடியாது. தப்பித் தவறி ஏதாவது ஒன்று விழும். விழுந்துவிட்டால் பெஞ்சில் இருப்பவர்கள், குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததுபோல் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்பதற்கு அதுவும் விழாமலே போயிருக்கலாம் என்று இருக்கும் அவளுக்கு.

அரியலூரில் ஒரு சிமென்ட் கம்பெனி. லாரியும் தூசியும் போக, அதற்கு ஒரு பெண்கள் பாஸ்கெட்பால் டீமும் உண்டு. ஆடுவதற்குத்தான் சம்பளம். காலையும் மாலையும் பயிற்சி, கோடை வந்தால் ஊர் ஊராக டோர்னமென்ட். ஆபீஸ் கணக்கில் மட்டும் ஸ்டோர்ஸ் உதவியாளர் என்று போட்டிருக்கும். ஸ்டோர்ஸ் எந்தப் பக்கம் என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்ட். எப்போதாவது ஒருத்திக்குப் பர்மனன்ட் ஆகும். ஆகிவிட்டால் நாளைக்கு முட்டி பிசகினாலும் சோறு உண்டு. ஆகாதவளுக்குப் பந்து விழுகிற வரைக்கும்தான் கம்பெனி. விழாவிட்டால் நீ யாரோ, அது யாரோ.

இந்த வருஷம் ஒரு இடம் இருந்தது. பெரம்பலூரில் மே மாத டோர்னமென்ட் முடிந்ததும் அந்த இடம் பூங்குழலிக்கா, சண்முகப்பிரியாவுக்கா என்று முடிவு செய்வதாக எச்.ஆர். மேடம் சொல்லியிருந்தார். கிடைக்காதவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டீமுக்கு ஒரே மாதிரி ரெண்டு ஷூட்டர் தேவையில்லையாம்.

பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தவள் இந்தப் பிரியா. ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். அவள் எறிவதைப் பார்த்தால் கிணற்றில் வாளி வீசுகிற மாதிரி இருக்கும். முழங்கை ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். ஆனால் பந்து போய் விழும். வலை சத்தம்கூட ஒழுங்காக வராது, அப்படி ஒரு விழுகை. பூங்குழலியோ புத்தகத்தில் படம் போடுகிற மாதிரி நிற்பாள், எழுவாள், எறிவாள். பந்து ரிங்கின் விளிம்பில் இடித்துவிட்டு வெளியே வரும்.

பிரியா எத்தனை இட்லி சாப்பிடுகிறாள், எந்த எண்ணெய் தேய்க்கிறாள், யாரோடு போனில் சிரிக்கிறாள் என்பதெல்லாம் பூங்குழலிக்கு அத்துப்படி. சொந்தத் தங்கச்சியைக்கூட அவள் இப்படிக் கவனித்தது கிடையாது. பிரியாவின் ஷூவில் பெருவிரல் பக்கம் பிய்ந்திருந்தது. அந்தப் பிய்ந்த ஷூவின் மேல்கூட அவளுக்கு வயிற்றெரிச்சல். அதைப் போட்டுக்கொண்டு எறிந்தும் விழுகிறதே!

இதில் பெரிய கொடுமை, தனியாக எறிந்தால் பூங்குழலிக்கும் விழுந்தது. விடியற்காலையில் ஒருத்தியாகக் கோர்ட்டுக்குப் போய், தரையிலிருந்து பந்தை எடுத்து எடுத்து எறிந்தால் பத்துக்கு எட்டு உள்ளே. மேட்சில் மட்டும் இல்லை.

“மனசுதான் காரணம்,” என்றார் கோச் வீரமுத்து. “பயப்படுற. தியானம் பண்ணு.”

“கண்ணு பட்டுடுச்சு,” என்றாள் அம்மா பாப்பாத்தி, உடையார்பாளையத்திலிருந்து போனில். “நீ டிவியில வந்தப்பவே நெனச்சேன். வெள்ளிக்கெழம வா, பூசணிக்கா ஒடைச்சு உடலாம்.”

தியானமும் ஆயிற்று, பூசணிக்காயும் ஆயிற்று. பந்து அதே விளிம்பில் இடித்தது.

டீமில் அவளுக்கு என்று இருந்த ஒருத்தி மலர்கொடி. பெரம்பலூர் விளையாட்டு விடுதியில் ஏழாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மலர்கொடி குள்ளம், பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவள். பூங்குழலி நெட்டை, வாங்கி எறிகிறவள். விடுதியில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெயராகத்தான் கூப்பிடுவார்கள். போன தீபாவளிக்கு முந்தின வாரம் மலர்கொடிக்குப் பர்மனன்ட் ஆனது, கேப்டனும் ஆக்கினார்கள். பூங்குழலிதான் ஸ்வீட் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போய்ப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்புறம் பேச்சு குறைந்தது. இப்போது மலர்கொடியின் டிபன் பாக்ஸில் கை வைக்கிறவள் பிரியா.

பெரம்பலூரில் அரையிறுதி. பூங்குழலியைப் பெஞ்சில் உட்கார வைத்தார் கோச். விடுதிக் காலத்திலிருந்து அவளைத் தெரிந்த ஊர். “என்னா நெட்டைக்கொக்கு, உக்காந்துட்ட?” என்று கேலரியிலிருந்து ஒருவன் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கோர்ட்டில் மலர்கொடியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையாவது பார்த்தால் அழுகை வந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் மலர்கொடி பந்து கொடுப்பதை அவள் பக்கவாட்டிலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் எதிரில் நின்று வாங்குகிறவள்தானே.

பந்து மலர்கொடியின் கையில். அந்தக் கோடியில் நின்ற தங்கள் டீம்காரி ஒருத்திக்குக் கொடுத்தாள், சும்மா கொடுத்தாள். திரும்பி வந்தது. இன்னொருத்திக்குக் கொடுத்தாள், சும்மாதான். பிரியா மூலைக்கு ஓடி வந்தபோது மட்டும், கொடுப்பதற்கு முன்னால் அவளுடைய உள்ளங்கைகளுக்கு நடுவில் பந்து கொஞ்சம் உருண்டது. பந்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடுகள் குறுக்குவாட்டில் வந்து நின்றதும் கை விட்டது. பிரியா வாங்கினாள், விரல்கள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தன, எறிந்தாள். உள்ளே.

பூங்குழலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த முறையும் அதேதான். அதற்கு அடுத்த முறையும்.

கோட்டில் விரல் பதியாமல் எறிந்தால் பந்து வழுக்கும், சுழற்சி கோணும். விளிம்பில் இடிக்கும். பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. தனியாக எறியும்போது பூங்குழலியும் தன்னையறியாமல் கோட்டைத் தேடித்தான் பிடிக்கிறாள். மேட்சில் தேட நேரம் ஏது? மேட்சில் அவள் தேடியதே இல்லை. கைக்கு வரும்போதே கோடு அங்கே இருக்கும். அது தன் கைராசி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மேட்ச் முடிந்தது, ஜெயித்தார்கள். கேலரிக்குப் பின்னால் குழாயடியில் மலர்கொடி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு மட்டும் பந்தைத் திருப்பிக் குடுக்கற.”

“ஆமா,” என்றாள் மலர்கொடி, திரும்பாமல்.

“எனக்கு ஏன்டி குடுக்கல?”

“குடுத்தேனே. ஹாஸ்டல்லேர்ந்து குடுத்துக்கிட்டுத்தான இருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுதா ஒனக்கு?”

“அப்பறம் ஏன் நிறுத்துன?”

மலர்கொடி குழாயை மூடினாள். “நான் கேப்டன் ஆன மறுநாளு சார்கிட்ட போயி என்ன சொன்ன? ‘மலரு பாஸ் லேட்டா வருது சார், அதுக்குள்ள ஆளு வந்து மறைச்சிடறா’. சொன்னியா இல்லியா?”

பூங்குழலி சொன்னாள்தான். லேட் ஆகிறது என்று நிஜமாகத் தோன்றியதாலா, கேப்டன் ஆனவளை ஒரு குத்து குத்த வேண்டும் என்பதாலா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

“சார் எல்லாரையும் நிக்க வச்சு என்னையக் கேட்டாரு. ‘பந்து வந்தா உடனே உடு, என்ன தடவிக்கிட்டு நிக்கிற’ன்னு. அந்தத் தடவறது எதுக்குன்னு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்னு நெனச்சேன். நீ ஷூ லேசு கட்டிக்கிட்டு நின்ன. சரி, தடவாம குடுப்போம்னு விட்டேன்.”

“ஆறு மாசமாடி! நான் நாறுறதப் பாத்துக்கிட்டே இருந்தியா?”

“வந்து கேப்பன்னு பாத்தேன். நீ எங்க கேட்ட? பூசணிக்காயப் போயி ஒடைச்ச.”

“அவ கேட்டாளாக்கும்.”

“கேட்டா. வந்த மொத நாளே கேட்டா. ‘அக்கா, கோடு குறுக்கால வர்ற மாதிரி குடுங்கக்கா, இல்லாட்டி எனக்குப் பிசகும்’னா. லேட்டானா ஆளு வந்துருமேடின்னேன். ‘நான் இன்னும் கொஞ்சம் வெலகி ஓடிக்கிறேங்க்கா’ன்னா. அவ ஓடறா, நான் குடுக்கறேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. பூங்குழலிக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வந்ததோடு, பிரியாவின் அந்த ‘அக்கா’வும் காதில் விழுந்து தொலைத்தது.

“ஃபைனல்ல எனக்குத் திருப்பிக் குடு.”

“கேக்கறியா, சொல்றியா?”

“கேக்கறேன்.”

“சரி.”

“அவளுக்குக் குடுக்காத.”

மலர்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ச்சீ, போடி,” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.

மறுநாள் மாலை ஃபைனல். எதிரில் கோயம்புத்தூர் டீம். முதல் பாதி முழுக்க பூங்குழலி பெஞ்ச்தான். இடைவேளைக்குப் பிறகு வேறொருத்திக்குக் கணுக்கால் பிசகியது. கோச் வேறு வழியில்லாமல் இவளை இறக்கினார். இறங்கிய உடனே மலர்கொடியின் பாஸ் வந்தது. கைக்கு வந்த கணமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. கோடு, இருக்க வேண்டிய இடத்தில். ஊர் விட்டு ஊர் போய் அலைந்து வீடு திரும்பினால் சாவி சொருகியதும் கதவு திறக்குமே, அப்படி. எறிந்தாள். உள்ளே. இன்னொன்று. உள்ளே. “நெட்டைக்கொக்கு எழுந்துருச்சுடோய்!” என்று கேலரி கத்தியது.

வாக்குக் கொடுத்த மாதிரியே மலர்கொடி கொடுத்தாள். பிரியாவுக்கும் கொடுத்தாள். இருவரும் மாறி மாறிப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பிரியா ஓடி வந்து, “சூப்பர்க்கா!” என்று பூங்குழலியின் கையைத் தட்டினாள். அந்தக் கை சுட்டது.

கடைசி நிமிஷம். ஒரு பாயின்ட் முன்னால் இருந்தார்கள். பந்து பூங்குழலியின் கைக்கு வந்ததும் இரண்டு பேர் பாய்ந்து மறைத்தார்கள். அந்தப் பக்க மூலையில் பிரியா தனியாக, கையை நீட்டிக்கொண்டு. “அக்கா! அக்கா!”

கொடுக்காமல் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தெரியும். பூங்குழலி கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், மார்புக்கு எதிரில், உள்ளங்கைகளுக்கு நடுவே பந்தை உருட்டினாள். குறுக்கே இருந்த கோடு நெட்டுக்குத்தாக நின்றது. விட்டாள். வேகமான, நேரான, கண்ணுக்கு அழகான பாஸ்.

“இதான்மா பாஸ்!” என்று கோச் துள்ளினார்.

பிரியா வாங்கினாள், எறிந்தாள். விளிம்பில் இடித்து வெளியே வந்தது. அவள் தன் விரல்களையே திருப்பிப் பார்த்தாள். துள்ளி வந்த பந்தைப் பூங்குழலி பிடித்து, பக்கத்திலிருந்தே போட்டாள். விசில். கோப்பை. கேலரியிலிருந்து இறங்கி வந்தவர்கள் அவளைத் தூக்கினார்கள். உயரத்தில் இருந்து பார்த்தபோது மலர்கொடி தெரிந்தாள். கத்தவில்லை, கை தட்டவில்லை. பூங்குழலியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸில் கூப்பிட்டுச் சொன்னார்கள். “முக்கியமான நேரத்துல நிக்கிறவங்கதான் கம்பெனிக்கு வேணும்,” என்றார் எச்.ஆர். மேடம். பூங்குழலிக்குப் பர்மனன்ட். பிரியாவுக்கு ஒரு ஷீல்டும், வாழ்த்தும்.

பிரியா அழவில்லை. “வாழ்த்துக்கள்க்கா,” என்று கை கொடுத்தாள். அப்புறம் வெளியே வந்து, “எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல,” என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். “நான் வந்து சொல்றேன், வா,” என்றாள் மலர்கொடி.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பூங்குழலியும் போனாள். யாரும் கூப்பிடவில்லை, பின்னாலேயே போனாள். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பிரியாவின் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு மலர்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மலரு, எப்ப வருவ?”

“தெரியல.”

“என்கிட்ட எதுனா கேக்கணும்னா கேளு.”

“ஒண்ணும் இல்ல,” என்றாள் மலர்கொடி. பஸ் நகர்ந்ததும் பிரியாவின் தலை அவளுடைய தோளில் சாய்ந்தது. விடுதியிலிருந்து மேட்சுக்குப் போகும் பஸ்ஸில் எல்லாம் பூங்குழலி தூங்கிக்கொண்டு போன தோள். வேலை போனவள் அதில் சாய்ந்து போகிறாள். வேலை கிடைத்தவள் வேர்க்கடலை விற்கிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். அந்த இடம், அந்தச் சீட்டு, அந்தத் தோள், அதையாவது எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா இவள் என்று இருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. அம்மா.

“ஆத்தா, செய்தி கேட்டேன்டி! கம்பெனியிலேர்ந்து யாரோ அப்பாவுக்குப் போன் பண்ணாங்களாம். நான் சொன்னேன் பாத்தியா, கண்ணுதான்! கழிஞ்சுது பாரு!”

“ம்.”

“என்னடி ம்? அழுவுறியா? சந்தோசத்துல அழுவாத, ஒடம்புக்கு ஆவாது. மலரு பக்கத்துல இருக்காளா? குடு, ஒரு வார்த்த பேசறேன். அந்தப் புள்ள இல்லாட்டி நீ ஏது?”

பஸ் வளைவில் திரும்பிவிட்டிருந்தது.

“பாத்ரூம் போயிருக்காம்மா,” என்றாள் பூங்குழலி. “வந்ததும் பேசச் சொல்றேன்.”