முளைக்கிற தானியம்

துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, சியாமளா அதைத் திரும்பவும் டப்பாவிலேயே போட்டாள். உடைத்த பருப்பு. அடுத்த டப்பாவில் உளுந்து, தோல் நீங்கி வெள்ளை வெளேரென்று. அரிசியோ தீட்டித் தீட்டிக் கண்ணாடி மாதிரி இருந்தது.

"எத்தனை தேறுச்சு அண்ணி?" என்று கேட்டபடி ராமலிங்கம் சமையலறைக்குள் வந்தான். கணவனின் தம்பி. செய்தி கேட்டு டொராண்டோவிலிருந்து ரயிலில் ஓடிவந்து, நேற்று அண்ணனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தவன்.

"பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் முழுசா இருக்கு. மத்ததெல்லாம் உடைச்சது. முளைக்காது."

"முளைக்கணும்னு யாரு கேட்டா? காடாத்துக்கு நவதானியம் தெளிக்கணும், தெளிச்சிடுவோம். ஊர்ல சுட்ட இடத்துல பால் ஊத்தி ஆத்துவாங்க, அப்புறம் உழுது தெளிப்பாங்க. இங்க ஒரு பட்டனை அமுக்கினாங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு. எதைப் போய் ஆத்துறது?"

"தோட்டத்துல அவர் போட்ட பாத்தி இருக்கே."

"சரி, அங்கேயே தூவிடலாம். இருக்கிறதைப் போடுங்க அண்ணி."

"முளைக்காததைத் தூவினா அது குப்பை போடற மாதிரிதான் தம்பி."

ராமலிங்கம் கையிலிருந்த காப்பியைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கழுவி வைத்தபின், முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"நான் சொன்னதை யோசிச்சீங்களா? நாளைக்கு ரயில் ஏறறதுக்குள்ள ஒரு முடிவு சொன்னா நல்லது. வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க. இல்லைன்னா ஊருக்கே டிக்கெட் போட்டுத் தரேன். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மான்ட்ரியல் ஓரத்துல இருக்கிற இந்த பியர்பொன்ட்ஸ்ல பஸ்ஸுக்கு நின்னே ஆள் விறைச்சுப் போயிடுவாங்க. தனியா என்ன பண்ணுவீங்க?"

அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மான்ட்ரியலுக்கு வந்தது கணவர் தணிகாசலத்தின் வேலைக்காக. எக்ஸ்போ உலகக் கண்காட்சி நடந்த வருஷம் இந்த வீட்டை வாங்கியது அவர் ஆசைக்காக. தக்காளியும் பீன்ஸும் போட்ட பாத்தி அவருடைய பைத்தியம். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள், மனதாரத்தான். இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், தேடிப் பார்க்க உள்ளே ஓர் இடம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இன்று காலை எழுந்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. தூவுவது முளைக்க வேண்டும்.

இரண்டு தானியங்களையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

தோட்டத்தில் பாதி இடம் பச்சையாக இருந்தது. மீதிப் பாதியில் மேப்பிள் இலைகள், சிவப்பும் மஞ்சளுமாக. புதன்கிழமை சாயங்காலம் இலை வாரிக்கொண்டிருந்தவர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்தார். மூங்கில் ரேக் இன்னும் அங்கேயே கிடந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மதாம் லாலோன்ட் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளுடைய இங்கிலீஷும் சியாமளாவின் இங்கிலீஷும் எப்படியோ பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.

"என்ன அது கையில?"

சியாமளா சொன்னாள். இறந்தவருக்காக விதைப்பது, ஒன்பது வேண்டும், இரண்டுதான் இருக்கிறது.

மதாம் கிண்ணத்தை வாங்கி, ஒரு கடலையை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"பாவம், இதுகளுக்குக் குளிர் ஆகாது. முளை விட்ட மறுநாளே பனி கொன்னுடும். ரை விதைச்சிருக்கியா?"

"ரையா?"

"கோதுமையோட முரட்டு அக்கா. எங்கப்பா இலை உதிர்ற காலத்துலதான் விதைப்பார். விரல் நீளம் முளைச்சு நிக்கும், மேலே பனி விழும். செத்துப்போச்சுன்னு நினைப்போம். பனி உருகினதும் ஊர்லயே முதல்ல பச்சையாகிறது அதுதான்." பேச்சை நிறுத்தி, "விதைக்கும்போது தொப்பியைக் கழட்டிடுவார். ஏன்னு நாங்க கேட்டதில்லை" என்றாள்.

பிறகு தன் கராஜுக்குள் போய் ஒரு காகிதப் பை நிறைய ரை கொண்டுவந்தாள். "என் பாத்திக்குப் போட்டது போக மிச்சம். மேலே மெல்லிசா இலை போடு, குருவி கொத்தாது."

சியாமளா மண்வெட்டியால் பாத்தியைக் கொத்தினாள். மண் ஜில்லென்று, கறுப்பாகப் புரண்டது. அட்டைப்பெட்டிப் பாலைப் பிரித்து ஊற்றினாள். அவர் இங்கே எரியவில்லைதான். இருந்தாலும் மண் பாலைக் குடித்தபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒரு சுற்றுத் தணிந்தது.

ராமலிங்கம் படியில் வந்து நின்றான். அண்ணனின் கம்பளித் தொப்பியைப் போட்டிருந்தான்.

"ஊர்ல பொம்பளைங்க இதைச் செய்ய மாட்டாங்க அண்ணி."

"ஊர்ல ரையும் கிடையாது. வாங்க, உங்க கையாலயும் போடுங்க."

"இது நவதானியத்துல சேர்த்தியா?"

"கோதுமைக்கு அக்காவாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக வெட்கப்பட்டவன்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் பயறையும் கடலையையும் கூடவே கலந்தாள், போகிறவை போகட்டும். முதல் பிடியை அவள் வீசியபோது, வேலிக்கப்பால் மதாம் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். ராமலிங்கம் அதைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைக்குள் கைவிட்டான்.

தெளித்து முடிந்ததும் குனிந்தபடியே கேட்டான். "எப்போ வளரும்?"

"இப்போ கொஞ்சம். ஏப்ரல்ல நல்லா."

"ஏப்ரல்ல யாரு அண்ணி இங்க பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வேலிக்கப்பால் கேரட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டும் சத்தம் கேட்டது. மேலே வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே போனது.

ராமலிங்கம் படியருகே போய், பளபளவென்றிருந்த தன் ஷூவைக் கழற்றினான். கதவோரம் இருந்த அண்ணனின் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டான். கொஞ்சம் பெரிது. தொளதொளவென்று நடந்துபோய், புல்லில் கிடந்த ரேக்கை எடுத்தான்.

"எவ்வளவு இலை வேணும் அண்ணி?"

"மெல்லிசா" என்றாள் சியாமளா.

அண்ணன் விட்ட இடத்திலிருந்து அவன் வாரத் தொடங்கினான்.