மூன்று இடத்தில் நின்ற கார்

துறையூர் பஸ்ஸில் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட வந்த வீரமலையை, மூன்றே மாதத்தில் திருச்சி ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டு முழுவதும் கேலி செய்தது. "ஸ்ரீரங்கமா? வீரமலை வண்டியில ஏறுங்க. காவிரிப் பாலத்துலயே பெருமாளைச் சேவிச்சுக்கலாம்" என்பார்கள். என்ன செய்வது, கேலியில் பொய் இல்லையே.

கிளம்பும்போது கார் சமர்த்தாகத்தான் ஓடும். நாலு மைல் ஆனதும் இரண்டு விக்கல் விக்கும், அவ்வளவுதான், நின்றுவிடும். சவாரிக்காரர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வீரமலை பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொள்வான். பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். ஏகாதசிக் கூட்டத்தன்று ஒரு கிழவர் பாலத்தில் இறங்கி நடந்தே போனார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வீட்டில் இதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நேரமானால் பஞ்சர் என்பான். காரணம், காரை வாங்கிக்கொடுத்தவன் மனைவி வேலம்மாளின் அண்ணன் பிச்சை. ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு ஆறு வருஷம் அந்தக் காரை ஓட்டியவன். "நான் வளர்த்த வண்டி மாப்ளே. முதலாளி புது வண்டி எடுக்கிறாரு. இது நம்ம வீட்டுக்கே வரட்டும்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் வீரமலை பஸ் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். காரைக் குறை சொன்னால் மச்சானைச் சொன்னது போலாகும். அடுத்த வாரம் மகள் செல்லக்கிளிக்கு சமயபுரத்தில் காதுகுத்து வேறு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும்?

மன்னார்புரத்தில் பட்டறை வைத்திருந்த ஷேக் தாவூது பாய் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பட்டறை வாசலில் எத்தனை நேரம் ஓடவிட்டாலும் எஞ்சின் அணையவே அணையாது. நாலாவது தடவை வீரமலை வந்தபோது அவர் ஸ்பானரைக் கையிலெடுக்கவே இல்லை.

"உக்காருங்க. எங்கெங்க நின்னுச்சு, அதுக்கு முன்னால எவ்வளவு தூரம் நிறுத்தாம ஓடுச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னான். மார்க்கெட் வரை போகும் சின்னச் சவாரிகளில் ஒருநாளும் நின்றதில்லை. நின்றதெல்லாம் நீண்ட ஓட்டத்தில்.

"தூரமாப் போயும் நிக்காம வந்தது உண்டா?"

"உண்டு பாய். வாங்குறதுக்கு முன்னாடி மச்சான்தான் ஓட்டிக் காட்டினாரு. இங்கேருந்து சமயபுரம் வரைக்கும், திரும்பியும்."

"ஒரே ஓட்டமாவா?"

"இல்ல. மெயின் கார்டு கேட்கிட்ட பிள்ளையாருக்குச் சூடம் ஏத்தினாரு. அம்மா மண்டபத்துக்கிட்ட காபி சாப்பிட்டோம். டோல்கேட்ல ஆத்தாளுக்குப் பூ வாங்கினாரு..."

"எஞ்சினை அணைச்சாரா?"

"அணைச்சாரு. சாமிகிட்ட வந்து சத்தம் கூடாதுன்னாரு." அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் வீரமலையின் குரல் இறங்கிவிட்டது. திரும்பி வரும்போதும் அதே மூன்று இடம்.

தாவூது அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து காருக்கு அடியில் போனார். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கவிழ்த்ததும், பெட்ரோலோடு ஒரு துணித்துண்டு வந்து விழுந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

"டேங்க் மூடி தொலைஞ்சப்ப துணியை அடைச்சு ஓட்டியிருக்காங்க. கிழிஞ்சு உள்ள விழுந்திருக்கு. ஓட ஓட, பெட்ரோல் இழுக்கிற குழாய் வாயில போய் ஒட்டிக்கும். வண்டி நின்னா விலகிடும். நடுநடுவுல அணைச்சு அணைச்சுப் போனா, ஒட்டவே ஒட்டாது."

காரை வாங்கிய அன்று டேங்க் மூடி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது வீரமலைக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மச்சானுக்கு பக்தி ஜாஸ்தி, யாருக்குத்தான் காபி பிடிக்காது என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டே வீடு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

காதுகுத்து அன்று காலை முன்சீட்டில் பிச்சை, பின்சீட்டில் வேலம்மாளும் குழந்தையும். மெயின் கார்டு கேட் வந்தது.

"மாப்ளே, பிள்ளையாருக்கு ஒரு சூடம்..."

"கோயிலுக்குத்தானே மச்சான் போறோம்" என்று வீரமலை ஓட்டினான்.

பாலம் நெருங்கியதும் பிச்சைக்குக் காபி தேவைப்பட்டது. வீரமலை நிறுத்தவில்லை. பாலத்தின் பாதியில் பிச்சை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஸ்ரீரங்கம் தாண்டியது. கொள்ளிடப் பாலமும் தாண்டியது. கார் ஒரு விக்கல்கூட விக்கவில்லை. டோல்கேட்டும் பின்னால் போனதும் பிச்சைக்குப் பொறுக்க முடியவில்லை.

"என்ன மாப்ளே, இப்பல்லாம் வண்டி நிக்கிறதில்லையா?"

ஊரான் ஏமாற்றியிருந்தால் வீரமலை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பான்.

"வண்டி நிக்கும்னு நான் வீட்ல யார்கிட்டயும் சொல்லலையே மச்சான்."

பிச்சை ரோட்டையே பார்த்தான். "இந்த வண்டிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தாதான் புது வண்டியை நீ ஓட்டலாம்னாரு முதலாளி" என்றான். பின்சீட்டில் வேலம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என் புருஷன்தான் கெடைச்சாராண்ணே?" என்று கேட்டாள்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்து, "தாய்மாமன் யாருங்க? வாங்க" என்றார். பிச்சை நகராமல் நின்றான். வேலம்மாள் கணவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தைக்கு உள்ள உரிமையை இவனால் எதற்குக் கெடுப்பது? வீரமலையே மகளைத் தூக்கிப் போய் அந்த மடியில் உட்கார்த்தினான். குனிந்தபோது, "திரும்பிப் போக உங்களுக்கு பஸ்தான் சரிப்படும். என் வண்டி இனி வழியில எங்கயும் நிக்காது" என்று காதருகில் சொன்னான்.

ஊசி இறங்கியதும் செல்லக்கிளி வீறிட்டு அழுது மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிச்சையின் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று நீர் வழிந்தது. நிஜமான அழுகையாகக்கூட இருக்கலாம். ஆனால் வண்டியை ஓட்டிக் காட்டிய அன்றைக்குப் பிள்ளையார் முன்னால் கண்ணை மூடி நின்றபோதும் இதே முகம்தான். வீரமலை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மெய்யா பொய்யா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவனுக்கு இனி வழியில்லை.